சொல்லால் உயர்ந்தவர்

பொருளை இழந்தவர் உழைத்து மீண்டும் பொருள் ஈட்டலாம். வீட்டை இழந்தவர் வேற்றூர் சென்று வேறொரு வீடு கட்டிக் கொள்ளலாம். ஆனால், எழுத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவர், தம் மொழி வழங்கும் நாட்டை விட்டே ஓட நேர்ந்தால் யாது செய்வார்? தச்சருக்கு உளி எவ்வாறோ, அவ்வாறே எழுத்தாளருக்கு மொழி. தச்சர் தம் உளியை எந்நாட்டுக்கும் எடுத்துச் செல்லலாம். மரம் எங்கும் மரமே. எழுத்தாளரோ எல்லையைக் கடந்த அன்றே கருவியற்றவர் ஆகிவிடுகிறார். 26 வயதில் இந்நிலையை எய்திய ஒருவர், புதியதொரு மொழியை முயன்று கற்று, அம்மொழியிலேயே உலகம் போற்றும் திரைக்கதைகளை எழுதினார். எழுதியவற்றைத் தாமே இயக்கிப் படமாக்கவும் செய்தார். அமெரிக்க நாட்டின் படத்தொழிலுக்கு நிலைக்களமாகிய ஹாலிவுட்டில் நெடுங்காலம் புகழ்பெற்று விளங்கிய பில்லி வைல்டரே அவர்.

இளமைப் பருவம்

வைல்டர் 1906 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 22 ஆம் நாள் சுகா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் அக்காலத்தில் ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசைச் சேர்ந்திருந்தது. இக்காலத்தில் போலந்து நாட்டில் உள்ளது. அவர்தம் பெற்றோர் யூதர். தந்தையார் இரயில் நிலையங்களில் உணவுச் சாலைகள் நடத்தியவர். தாயார் இளமையில் சில காலம் அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பியவர். அந்நாட்டின் நினைவு அவர் உள்ளத்தை விட்டு நீங்கவே இல்லை. மகனுக்குச் சாமுவேல் என்பது இடப்பெற்ற பெயராயினும், தாயார் 'பில்லி' என்னும் அமெரிக்கப் பெயரால் அவரைச் செல்லமாக அழைத்து வந்தார். அப்பெயரே இறுதிவரை நிலைத்தது.

குடும்பம் வியன்னா நகரில் குடியேறியது. மகன் சட்டம் பயில வேண்டும் என்பது பெற்றோர் விருப்பம். மகனது நாட்டமோ செய்தித்தாளின்மேல் சென்றது. இளம் வயதிலேயே அவர் நிருபரானார். நிருபர் தொழில் அவருக்குச் சிறந்த பள்ளியாக அமைந்தது. அயலாரிடம் தயங்காது பேசவும், அவர்கள் சொல்வதையும் சொல்லாது மறைப்பதையும் உணரவும், கண்டதைச் சில சொற்களில் எழுதவும், குறித்த நேரத்தில் எழுதி முடிக்கவும் அத்தொழில் அவரைப் பழக்கியது. இந்நான்கு பழக்கங்களும் பிற்காலத்தில் திரைக்கதை எழுதுவதற்குப் பெருந்துணை புரிந்தன.

1926 ஆம் ஆண்டு பால் வைட்மேன் என்னும் அமெரிக்க இசைக்குழுத் தலைவர் வியன்னாவிற்கு வந்தார். அவரைப் பேட்டி காணச் சென்ற வைல்டர், அவருடனேயே பெர்லின் மாநகருக்குச் சென்றார். பின்னர் வியன்னாவில் வாழத் திரும்பவில்லை. பெர்லினில் வறுமை அவரை வாட்டியது. பத்திரிகைகளுக்கு எழுதினார், ஓர் உயர்தர ஓட்டலில் வருவோருடன் கூலிக்கு நடனமாடும் வேலையையும் செய்தார். அவ்வேலையைக் குறித்து வெட்கப்படாமல், அதையே பொருளாக வைத்துச் செய்தித்தாளில் கட்டுரைகள் எழுதினார். புகழ்பெற்ற எழுத்தாளர்களுக்காகத் தம் பெயர் வெளிவராமலேயே பல ஊமைப் படங்களுக்குக் கதை எழுதியும் கொடுத்தார்.

அவர் பெயர் பலருக்கும் தெரியுமாறு செய்தது 1930 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள்' என்னும் ஜெர்மானியப் படம். கையில் பணமின்றி, உள்ளத்தில் ஊக்கம் மட்டுமே உடைய இளைஞர் சிலர் கூடி அப்படத்தை எடுத்தனர். அதில் நடித்தோர் தொழில்முறை நடிகர் அல்லர். வாடகைக் கார் ஓட்டுபவர் கார் ஓட்டுபவராகவும், இசைத்தட்டுக் கடையில் பணிபுரியும் பெண் அக்கடைப் பெண்ணாகவுமே தோன்றினர். வார நாட்களில் அவர்களுக்கு வேலை இருந்தமையால், ஞாயிற்றுக்கிழமைகளில்தான் படப்பிடிப்பு நடைபெற்றது. அடுத்த ஆண்டு, எரிக் கெஸ்ட்னர் சிறுவர்க்கென எழுதிய 'எமிலும் துப்பறிவோரும்' என்னும் கதைக்கு வைல்டர் திரைக்கதை அமைத்தார். அப்படம் பெருவெற்றி பெற்றது. வறுமை நீங்கியது, வாழ்வு மலர்ந்தது.

நாடு துறந்தமை

அம்மலர்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1933 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். பிப்ரவரி 27 ஆம் நாள் இரவு பெர்லினில் பாராளுமன்றக் கட்டடம் தீக்கிரையாயிற்று. யூதர்க்கு அந்நாட்டில் இனி வாழ்வில்லை என்பதை வைல்டர் உணர்ந்தார். உடைமைகளைத் துறந்து, பாரிஸ் நகருக்குச் சென்று சேர்ந்தார். அங்கே பிரெஞ்சு மொழிப் படம் ஒன்றை வேறொருவருடன் சேர்ந்து இயக்கினார். பின்னர், 1934 ஆம் ஆண்டு ஜனவரியில் 'அக்விட்டேனியா' என்னும் கப்பலில் ஏறி அமெரிக்காவை அடைந்தார்.

அமெரிக்காவில் தங்குவதற்கு அவரிடம் இருந்தது சில திங்களுக்குரிய அனுமதியே. நிலையாகக் குடியேற வேண்டுமாயின், நாட்டை விட்டு வெளியேறி, வெளிநாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் விசா பெற்று மீண்டும் உள்ளே வரவேண்டும். ஆகவே, எல்லைக்கு அப்பால் மெக்சிகோ நாட்டிலுள்ள மெக்சிகாலி என்னும் ஊருக்கு அவர் சென்றார். விசா வழங்குவதற்குப் பல சான்றுகள் தேவை. அச்சத்தில் விரைந்து ஓடி வந்தவரிடம் அவை எவ்வாறு இருக்கும்? அலுவலர் அவரை நோக்கி, "நீர் என்ன தொழில் செய்கிறீர்?" என்று வினவினார். "திரைப்படங்களுக்குக் கதை எழுதுகிறேன்" என்று வைல்டர் விடையிறுத்தார். அலுவலர் சிறிது நேரம் சிந்தித்தார், எழுந்து நடந்தார், பின்னர்க் கடவுச்சீட்டில் முத்திரையைப் பதித்து, "நல்லவையாக எழுதும்" என்று கூறி அனுப்பினார். ஒரு முத்திரை, இரண்டு சொற்கள். ஒருவரது உயிரும் தொழிலும் அவற்றால் காக்கப்பட்டன. அச்சொற்களை வைல்டர் வாழ்நாள் முழுதும் மறந்தாரில்லை.

மொழி கற்றமை

ஹாலிவுட்டில் அக்காலத்தில் ஜெர்மன் மொழி பேசும் அகதிகள் பலர் வாழ்ந்தனர். அவர்கள் தம்முள் கூடித் தம் மொழியில் பேசி, தாம் இழந்த நகரங்களை நினைந்து வருந்தி ஆறுதல் பெற்றனர். வைல்டரும் அவர்களுள் ஒருவரே. நடிகர் பீட்டர் லோரேயுடன் ஒரே அறையில் தங்கியவரே. ஆயினும், அக்கூட்டத்திலேயே காலம் கழித்தால் ஆங்கிலம் கைவராது என்பதை அவர் அறிந்தார். ஆகவே, ஆங்கிலம் பேசுவோருடனேயே பெரிதும் பழகினார். நாள்தோறும் வானொலி கேட்டார். நூலில் உள்ள ஆங்கிலத்தை மட்டுமன்றித் தெருவிலும் கடையிலும் வழங்கும் ஆங்கிலத்தையும், அதன் வசைமொழிகளையும், நகைச்சுவைகளையும் செவியாலேயே கற்றார். பிறந்த நாட்டு ஒலிப்பு அவரது ஆங்கிலத்தில் இறுதிவரை கலந்தே இருந்தது. ஆனால், அவர் தாளில் எழுதிய உரையாடலைப் படித்த எவரும் அவரை அயல்மொழியாளர் என்று கூறமாட்டார்.

1936 ஆம் ஆண்டில் பாரமவுண்ட் நிறுவனத்தார் அவரைச் சார்லஸ் பிராக்கெட் என்னும் எழுத்தாளருடன் இணைத்தனர். அவ்விருவரையும் போல ஒவ்வாத இருவரைக் காண்டல் அரிது. பிராக்கெட் செல்வக் குடியிற் பிறந்தவர், சட்டம் பயின்றவர், புதினங்கள் எழுதியவர், வைல்டரினும் 14 ஆண்டு மூத்தவர். வைல்டரோ அகதி. பிராக்கெட் சாய்வு நாற்காலியில் கால் நீட்டியபடி தாளில் எழுதுவார். வைல்டர் கையில் ஒரு பிரம்பைச் சுழற்றிக்கொண்டு அறையில் இங்குமங்கும் நடந்தபடியே பேசுவார். இருவர்க்கும் நாள்தோறும் பூசல் நிகழும். எனினும், ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தமையால், அவர்தம் கூட்டு 1950 வரை நிலைத்தது.

ஆசிரியர் காட்டிய வழி

அவ்விருவர்க்கும் ஆசிரியராக விளங்கியவர் எர்ன்ஸ்ட் லூபிட்ச் என்னும் இயக்குநர். அவரும் பெர்லினிலிருந்து வந்தவரே. பார்ப்போர்க்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிடலாகாது என்பது அவர் கொள்கை. இரண்டையும் இரண்டையும் எடுத்துக் கொடுத்தால் போதும். நான்கு என்று கூட்டிக்கொள்ளும் இன்பத்தைப் பார்ப்போர்க்கே விட்டுவிட வேண்டும் என்பார்.

1939 ஆம் ஆண்டில் வெளிவந்த 'நினோட்ச்கா' என்னும் படத்தை எழுதும்போது நிகழ்ந்த ஒன்றை வைல்டர் பன்முறை எடுத்துரைத்துள்ளார். சோவியத்து நாட்டிலிருந்து பாரிசுக்கு வரும் ஒரு பெண் அதிகாரி அப்படத்தின் தலைவி, கொள்கைப் பிடிப்பு மிக்கவள், சிரிப்பறியாதவள். பாரிசின் வாழ்வு அவள் உள்ளத்தைச் சிறிது சிறிதாக மாற்றுகிறது. அம்மாற்றத்தை எவ்வாறு காட்டுவது? வைல்டரும் துணை எழுத்தாளரும் பக்கம் பக்கமாக உரையாடல் எழுதினர். லூபிட்ச்சுக்கு அவை ஒன்றும் நிறைவளிக்கவில்லை. ஒரு நாள் அவர் வெளியே வந்து, "தொப்பிதான்!" என்றார். வேடிக்கையான வடிவமுடைய ஒரு தொப்பியைக் கடைச் சாளரத்தில் கண்ட அப்பெண், இத்தகைய தொப்பியை மகளிர் அணியும் நாகரிகம் எவ்வாறு நிலைக்கும் என்று இகழ்ந்து செல்கிறாள். பின்னர், ஒரு நாள் தன் அறையில் தனித்திருக்கையில், கதவைத் தாழிட்டு, மறைத்து வைத்த அதே தொப்பியை எடுத்துத் தலையில் அணிந்து கண்ணாடி முன் அமர்கிறாள். ஒரு சொல்லும் இல்லை. ஆயினும், அவள் உள்ளம் மாறிவிட்டதைப் பார்ப்போர் அனைவரும் உணர்ந்துகொள்கின்றனர்.

பக்கம் பக்கமாக எழுதியதை ஒரு தொப்பி வென்றது. இப்பாடத்தை வைல்டர் மறந்தாரில்லை. லூபிட்ச் 1947 இல் மறைந்தார். அதன்பின், தம் அலுவலகச் சுவரில், 'லூபிட்ச் இதனை எவ்வாறு செய்திருப்பார்?' என்னும் வினாவை அழகாக எழுதச் செய்து மாட்டி வைத்திருந்தார். தடுமாற்றம் நேரும்போதெல்லாம் அவ்வினாவை அவர் நிமிர்ந்து நோக்குவார்.

இயக்குநர் ஆனமை

எழுத்தாளராயிருந்த வைல்டர் இயக்குநரானதற்கு ஒரு கரப்பான் பூச்சியே காரணம் எனில் வியப்பாக இருக்கும். 1941 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹோல்ட் பேக் தி டான்' என்னும் படத்தை அவரும் பிராக்கெட்டும் எழுதினர். மெக்சிகோ எல்லையிலுள்ள ஓர் ஊரில், அமெரிக்காவிற்குள் நுழைய விசா கிடைக்காமல் காத்திருக்கும் ஓர் அகதியின் கதை அது. வைல்டர் தம் மெக்சிகாலி நாட்களின் துன்பத்தையெல்லாம் அதில் பெய்திருந்தார். விடுதி அறையில் மனம் சோர்ந்து கிடக்கும் தலைவன், சுவரில் ஊரும் ஒரு கரப்பான் பூச்சியைக் கோலால் மறித்து, எல்லைக் காவலனைப் போல, "எங்கே போகிறாய்? உன் விசா எங்கே?" என்று கேட்பதாக ஒரு காட்சி எழுதினார். சிரிப்பும் கண்ணீரும் ஒருங்கே தோன்றும் இடம் அது.

தலைவனாக நடித்த சார்லஸ் பாயர், பூச்சியோடு பேசுவது அறிவுடைமை ஆகாது என்று மறுத்தார். இயக்குநரும் அதற்கு இசைந்தார். காட்சி நீக்கப்பட்டது. அச்செய்தி கேட்ட வைல்டர் பெருஞ்சினம் கொண்டார். பூச்சியோடு பேசாதவன் எவரோடும் பேச வேண்டா என்று கூறி, எழுதி முடியாதிருந்த இறுதிப் பகுதியில் அந்நடிகரது பேச்சைக் குறைத்துவிட்டார். ஆனால், சினத்தால் மட்டும் பயன் யாது? எழுதியது எழுதியவாறே திரைக்கு வரவேண்டுமானால், எழுதியவரே இயக்க வேண்டும் என்னும் முடிவுக்கு அவர் வந்தார்.

எழுத்தாளர் இயக்குநராவது அக்கால ஹாலிவுட்டில் அரிது. வைல்டர் பொருள் விளங்காத புதுமைப் படம் ஒன்றை எடுத்துத் தோற்பார். மீண்டும் எழுத்து மேசைக்கே திரும்புவார் என்று பலர் எதிர்பார்த்தனர். அதை அவர் நன்கறிவார். ஆகவே, எல்லோரும் கண்டு மகிழக்கூடிய எளியதொரு கதையையே தேர்ந்தெடுத்தார். இரயில் கட்டணம் போதாத ஓர் இளம்பெண், அரைக் கட்டணத்தில் செல்வதற்காகப் பன்னிரண்டு வயதுச் சிறுமி போல வேடமிடுவதே 1942 இல் வெளிவந்த 'தி மேஜர் அண்ட் தி மைனர்' படத்தின் கதை. படப்பிடிப்பின் நுட்பங்களை அறியாத வைல்டர், டோன் ஹாரிசன் என்னும் படத்தொகுப்பாளரை அருகிலேயே வைத்துக்கொண்டு, மாணவரைப் போலக் கேட்டுக் கேட்டுக் கற்றார். படம் வெற்றி பெற்றது. அதன்பின் அவர் இயக்குநராகவே நிலைத்தார்.

குடியின் கொடுமை

1944 இல், காப்பீட்டுத் தொகைக்காகச் செய்யப்படும் ஒரு கொலையைக் கூறும் 'டபிள் இண்டெம்னிட்டி' வெளிவந்தது. அவ்வாண்டில் ஓர் இரயில் பயணத்தின்போது, சார்லஸ் ஜாக்சன் எழுதிய 'தி லாஸ்ட் வீக்எண்ட்' என்னும் புதினத்தை வைல்டர் படித்தார். குடிக்கு அடிமைப்பட்ட ஓர் எழுத்தாளனின் சில நாள் வாழ்க்கையே அதன் பொருள். அதுவரை ஹாலிவுட் படங்களில் குடிகாரன் பெரும்பாலும் தள்ளாடி விழுந்து சிரிப்பூட்டுபவனாகவே காட்டப்பட்டான். அவனை நோயாளியாக, தன்னைத் தானே வெறுத்துத் துன்புறும் மனிதனாகக் காட்ட வைல்டர் துணிந்தார்.

அப்படத்தின் ஒரு காட்சி மறக்கவொண்ணாதது. குடிக்கப் பணமில்லாத அவ்வெழுத்தாளன், தன் தட்டச்சுப் பொறியையே அடகு வைக்கத் தூக்கிச் செல்கிறான். நியூயார்க்கின் நெடுந்தெரு ஒன்றில் கடை கடையாக ஏறி இறங்குகிறான். அன்று யூதர்களின் நோன்பு நாள். எல்லா அடகுக் கடைகளும் மூடிக் கிடக்கின்றன. வெயிலில் வியர்த்து, கால் தளர்ந்து, தன் தொழிற்கருவியைச் சுமந்து அவன் நடக்கும் நடையே அவன் வீழ்ச்சியைச் சொல்லிவிடுகிறது. காமிராவை மறைத்து வைத்து, உண்மையான தெருவிலேயே காட்சிகள் எடுக்கப்பட்டன. வழிப்போக்கர் பலர் அது படப்பிடிப்பு என்பதை அறியார்.

முன்னோட்டமாகக் காட்டியபோது, மக்கள் வழக்கப்படியே சிரித்தனர். நிறுவனத்தார் அஞ்சினர். பின்னர், பொருத்தமான இசை சேர்க்கப்பெற்று, 1945 இல் படம் வெளிவந்தபோது சிரித்தவர் இலர். சிறந்த படம், சிறந்த இயக்கம், சிறந்த திரைக்கதை, சிறந்த நடிப்பு ஆகிய நான்கு ஆஸ்கார் பரிசுகள் அதற்குக் கிடைத்தன. மறுநாள் வைல்டரும் பிராக்கெட்டும் அலுவலகத்திற்கு வந்தபோது, உடன்பணியாற்றும் எழுத்தாளர்கள் தம் சாளரங்களிலிருந்து கயிற்றில் கட்டிய புட்டிகளைத் தொங்கவிட்டு வாழ்த்துக் கூறினர் என்பர்.

தாயைத் தேடியமை

வெற்றி விளைந்த அவ்வாண்டே பெருந்துயரமும் நேர்ந்தது. 1945 இல் போர் முடிந்ததும், வைல்டர் அமெரிக்கப் படையின் சார்பில் ஜெர்மனிக்குச் சென்றார். தாம் வாழ்ந்த பெர்லின் நகரம் இடிபாடாகக் கிடந்ததைக் கண்டார். நாஜிகள் அமைத்த கொலை முகாம்களில் நேசப் படையினர் எடுத்த படச்சுருள்களைத் தொகுத்து, 'சாவு ஆலைகள்' என்னும் செய்திப் படத்தை உருவாக்கும் பணியில் அவர் ஈடுபட்டார். தம் நாட்டின் பெயரால் என்ன நடந்தது என்பதை ஜெர்மானிய மக்களே காணவேண்டும் என்பது அப்படத்தின் நோக்கம். பிணக் குவியல்கள் நிறைந்த அப்படச்சுருள்களைப் பார்க்கும்போது அவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! ஏனெனில், அவர்தம் தாயார் எங்குள்ளார் என்பது அவருக்குத் தெரியாது.

தாயாரும், தாயாரின் இரண்டாம் கணவரும், பாட்டியாரும் நாஜிகளின் கொடுமைக்குப் பலியாகிவிட்டனர். தாயார் ஆஸ்விச் முகாமில் மாண்டார் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1943 இல் பிளாஷோவ் என்னும் வேறொரு முகாமில் அவர் கொல்லப்பட்டார் என்பதை 2011 இல்தான் ஆய்வாளர்கள் ஆவணங்களால் கண்டறிந்தனர். அதனை அறிய மகன் உயிருடன் இல்லை. மகனுக்கு அமெரிக்கப் பெயர் சூட்டிய அன்னைக்கு, அமெரிக்காவில் மகன் பெற்ற பெருமையைக் காணும் பேறு வாய்க்கவில்லை.

புகழும் வீழ்ச்சியும்

1950 இல் வெளிவந்த 'சன்செட் புலவார்', வைல்டரும் பிராக்கெட்டும் சேர்ந்து எழுதிய கடைசிப் படம். ஊமைப் படக் காலத்தில் ஒளி வீசிய நடிகை ஒருத்தி, பேசும் படம் வந்தபின் உலகம் தன்னை மறந்துவிட்டதை உணராமல், பாழடைந்த மாளிகையில் கனவில் வாழ்கிறாள். அவளை அண்டி வாழும் வறிய திரைக்கதை எழுத்தாளன் ஒருவன் அழிகிறான். நீச்சற் குளத்தில் பிணமாக மிதக்கும் அவ்வெழுத்தாளனே கதையை எடுத்துரைப்பது புதுமை. ஊமைப் படங்களில் புகழ்பெற்ற குளோரியா ஸ்வான்சனே அம்முதிய நடிகையாக நடித்தார். தான் வாழும் ஊரின் நன்றியின்மையையே வைல்டர் அவ்வூரின் கண்முன் நிறுத்தினார். அதனால் சினந்தோர் பலர். ஆயினும், திரைக்கதைக்குரிய ஆஸ்கார் பரிசு அப்படத்திற்கே வழங்கப்பட்டது.

அடுத்த படம் தோல்வியுற்றது. 1951 இல் வெளிவந்த 'ஏஸ் இன் தி ஹோல்' ஒரு நிருபனைப் பற்றியது. குகை இடிந்து உள்ளே சிக்கிக்கொண்ட ஒருவனை விரைவில் மீட்க வழியிருந்தும், செய்தி பல நாள் நீள வேண்டும் என்பதற்காக அந்நிருபன் மீட்பைத் தாமதப்படுத்துகிறான். வேடிக்கை பார்க்க மக்கள் திரள்கின்றனர். குகையின் வாயிலில் திருவிழாவே நடக்கிறது. உள்ளே சிக்கியவன் உயிர் துறக்கிறான். முன்னாளில் நிருபராயிருந்தவர் எழுதிய கதையாதலின், அதன் ஒவ்வொரு சொல்லும் சுட்டது. அக்காலத்து மக்கள் அப்படத்தை விரும்பவில்லை. பிற்காலத்தவரோ அதனை அவரது சிறந்த படங்களுள் ஒன்றாகப் போற்றுகின்றனர். உண்மை சொன்னவருக்கு உடனே பாராட்டுக் கிடைப்பதில்லை.

பிராக்கெட்டைப் பிரிந்த வைல்டருக்கு 1957 முதல் துணையாக அமைந்தவர் டயமண்ட் என்னும் எழுத்தாளர். அவரும் ருமேனியப் பகுதியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவரே. பிராக்கெட்டோடு பூசலிட்ட வைல்டர், டயமண்டோடு அமைதியாகப் பணியாற்றினார். நாள்தோறும் காலையில் இருவரும் அலுவலகம் வருவர், எழுதுவர், அடிப்பர், மீண்டும் எழுதுவர். இருவர்க்கும் தாய்மொழி ஆங்கிலம் அன்று. ஆயினும், அமெரிக்க நகைச்சுவைப் படங்களுள் தலைசிறந்தது என அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2000 ஆம் ஆண்டில் தேர்ந்தெடுத்த 'சம் லைக் இட் ஹாட்' அவ்விருவர் எழுதியதே.

1959 இல் வெளிவந்த அப்படத்தின் இறுதி உரையாடல் உலகப் புகழ் பெற்றது. கொலைகாரரிடமிருந்து தப்பப் பெண் வேடமிட்ட ஓர் இசைக் கலைஞனை உண்மையில் பெண்ணென நம்பி மணக்க விரும்புகிறான் ஒரு செல்வன். கலைஞன் பல குறைகளைச் சொல்லித் தட்டிக் கழித்துப் பார்க்கிறான். இறுதியில் தலைமயிரைக் கழற்றி, தான் ஓர் ஆண் என்று கூவுகிறான். செல்வன் சிறிதும் கலங்காமல், குறையில்லாதவர் எவருமில்லை என்று விடை கூறுகிறான். அவ்விடையை முதலில் கூறியவர் டயமண்ட். வைல்டர் அதனை இப்போதைக்கு எழுதி வைப்போம். இதனினும் சிறந்தது கிடைத்தால் மாற்றுவோம் என்றார். சிறந்தது கிடைக்கவில்லை, அதுவே நிலைத்தது.

'மனிதனாக இரு'

1960 இல் வெளிவந்த 'தி அபார்ட்மெண்ட்' வைல்டரது புகழின் சிகரம். நியூயார்க்கில் ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனம். அதில் பணிபுரியும் சாதாரண எழுத்தர் ஒருவர், தம் மேலதிகாரிகளின் தகாத ஒழுக்கத்திற்கு இடமாகத் தம் வீட்டுச் சாவியை அவர்களிடம் கொடுத்துப் பதவி உயர்வு பெறுகிறார். அதன் விளைவாக ஓர் ஏழைப் பெண்ணின் உயிருக்கே கேடு நேர்கிறது. அண்டை வீட்டு மருத்துவர், எழுத்தரை நோக்கி, மனிதனாக இரு என்று அறிவுறுத்துகிறார். இறுதியில் அவ்வெழுத்தர், சாவியைத் தர மறுத்து, வேலையையே துறந்து வெளியேறுகிறார். பதவியை இழந்த அன்றே அவர் மனிதராகிறார்.

அவ்வலுவலகத்தின் பேருருவைக் காட்டக் கலை இயக்குநர் அலெக்சாண்டர் டிரௌனர் ஓர் உத்தியைக் கையாண்டார். முன்வரிசையில் இயல்பான மேசைகளையும், பின்வரிசைகளில் சிறியனவும் மேலும் சிறியனவுமான மேசைகளையும் இட்டார். அவற்றிற்கேற்ப உருவத்தில் சிறியோரைப் பின்னே அமரச் செய்தார். அதனால், அம்மண்டபம் முடிவின்றி நீள்வதுபோலத் தோன்றியது. எண்ணற்ற மேசைகளிடையே ஒரு மேசையில் அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் சிறுமை, ஒரு சொல்லும் இன்றி விளங்கியது. தொப்பியின் பாடத்தை வைல்டர் இங்கும் கைவிடவில்லை. 1961 இல் நடந்த விழாவில், அப்படத்தின் தயாரிப்பாளராகவும் இயக்குநராகவும் எழுத்தாளராகவும் மூன்று ஆஸ்கார் பரிசுகளை ஒரே இரவில் அவர் பெற்றார்.

1961 கோடையில் 'ஒன், டூ, த்ரீ' என்னும் படத்திற்காக மீண்டும் பெர்லினுக்குச் சென்றார். படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, ஆகஸ்டு 13 ஆம் நாள் நகரின் நடுவே பிரிவுச் சுவர் எழுந்தது. பிராண்டன்பர்க் வாயிலில் எடுக்கவிருந்த காட்சிகளுக்காக, மூனிக் நகரில் அவ்வாயிலைப் போன்ற ஒன்றைப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. பெர்லின் அவர் வாழ்வில் இருமுறை வாயிலை மூடியது.

அதன்பின் காலம் மாறியது. மக்கள் சுவையும் மாறியது. 1970 இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸ் பற்றிய படத்தைப் பெருமுயற்சியுடன் எடுத்தார். நீளம் மிகுதி என்று அதன் பல பகுதிகள் வெட்டப்பட்டன. 1981 இல் வெளிவந்ததே அவரது இறுதிப் படம். பின்னரும் பல்லாண்டு அவர் அலுவலகத்திற்குச் சென்று வந்தார். படம் எடுக்க எவரும் அழைக்கவில்லை. மறக்கப்பட்ட கலைஞரைப் பற்றி முன்னாளில் படம் எடுத்தவர், அத்துன்பத்தைத் தாமே துய்த்தார்; ஆயினும், அந்நடிகையைப் போலக் கனவில் மயங்கினாரில்லை.

நிறைவு

வைல்டர் ஏறத்தாழ அறுபது திரைப்படங்களுக்கு மேல் பங்காற்றியவர் என்பதோ, ஆஸ்கார் பரிசுக்கு 21 முறை பெயர் குறிக்கப்பெற்று ஆறு பரிசுகளை வென்றவர் என்பதோ மட்டும் அவர் பெருமை ஆகாது. 1988 இல் ஆஸ்கார் விழாவில் தால்பெர்க் நினைவுப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. மேடையேறிய 81 வயது முதியவர், தம் வெற்றிகளைப் பற்றிப் பேசவில்லை. 1934 இல் மெக்சிகாலியில் தம் கடவுச்சீட்டில் முத்திரையிட்ட, பெயரறியாத அந்த அலுவலரை நினைவுகூர்ந்து நன்றி கூறினார். 'நல்லவையாக எழுதும்' என்ற அவர் சொல்லை நிறைவேற்றவே தாம் அன்றுமுதல் முயன்று வந்ததாகக் கூறினார்.

2002 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27 ஆம் நாள், 95 வயதில் அவர் மறைந்தார். அவரது கல்லறைக் கல்லில், தாம் ஓர் எழுத்தாளர் என்றும், குறையில்லாதவர் எவருமில்லை என்றும் பொறிக்கப்பட்டுள்ளது. தம்மை இயக்குநர் என்று அவர் அங்கே கூறிக்கொள்ளவில்லை. கொடுங்கோலர் அவரிடமிருந்து வீட்டையும் நாட்டையும் தாயையும் பறித்தனர். கற்கும் ஆற்றலை மட்டும் அவர்களால் பறிக்க இயலவில்லை. அவ்வாற்றலால் அவர் இழந்த கருவியை மீண்டும் செய்துகொண்டார். அக்கருவியால் நல்லவற்றையே எழுதினார்.

பயிற்சி

1. வைல்டருக்கு நிருபர் தொழில் கற்பித்தவை யாவை?
2. மெக்சிகாலியில் நிகழ்ந்ததை உம் சொந்த நடையில் எழுதுக.
3. 'பக்கம் பக்கமாக எழுதியதை ஒரு தொப்பி வென்றது' – விளக்குக.
4. வைல்டர் இயக்குநராகத் துணிந்தமைக்குக் காரணம் யாது?
5. 'பதவியை இழந்த அன்றே அவர் மனிதராகிறார்' – இக்கூற்றின் பொருளை ஆராய்க.
6. ஒரு மனிதரின் மகிழ்ச்சியையோ துயரத்தையோ, உரையாடல் இன்றி, ஒரு பொருளைக் கொண்டே புலப்படுத்துமாறு ஒரு சிறு காட்சி எழுதுக.